பன்னிரண்டு வீட்டுச் சாவி

மூன்று நாள் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தும் ஞானசீலனின் செல்போன் உயிர்த்தெழவில்லை.

"அதான் புதுசு வாங்கிட்டீங்கல்ல? அப்புறம் என்ன துக்கம்?" என்றாள் ஆனிமேரி, திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"போனுக்கு யாரு அழுதா? அதுல இருந்த டிஜிட்டல் வாலட்டு மேரி! என் சர்டிபிகேட் அதுக்குள்ள இருக்கு. ஞாயித்துக்கிழமை திரையில காட்டணும்."

பரவையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானசீலன் கிளார்க். அதே பள்ளியில் ஆனிமேரி டீச்சர். ஊரில் பாதிப்பேர் அவளிடம் குட்டு வாங்கியவர்கள். ஆகவே ரேஷன் கடை முதல் பல் டாக்டர் சீட்டு வரை அவருக்கு ஒரே பெயர்தான்: 'ஆனிமேரி டீச்சர் வீட்டுக்காரர்'. இந்த அவலத்துக்கு முடிவு கட்டத்தான் அவர் ஆன்லைனில் பிளாக்செயின் படித்தார். அவருடைய மெயில், குட்மார்னிங் ரோஜாப்பூக்களால் நிரம்பி வழிந்ததால், மனைவியின் மெயிலில் சேர்ந்து படித்தார். சர்டிபிகேட்டும் சாதாரணக் காகிதமல்ல; பிளாக்செயினிலேயே ஏற்றியது, அழிக்க முடியாதது. அது வந்து சேர்ந்த சேதியைப் பார்த்த பூரிப்பில், தண்ணீர் மட்டம் பார்க்கத் தொட்டிக்குள் எட்டிக் குனிந்தபோதுதான் போன் நழுவியது.

ஞாயிறு மாலை சமுதாயக்கூடத்தில் 'பாமரருக்கும் பிளாக்செயின்' சிறப்புச் சொற்பொழிவு. சிறப்புரை ஞானசீலன். ஏற்பாடும் அவரே. அன்றிலிருந்து ஊர் தன்னைத் தன் பெயர் சொல்லி அழைக்கும் என்பது அவர் கணக்கு.

புதுப் போனில் வாலட்டைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் போட வேண்டும். தொலைந்தால் தொலைந்ததுதான். மனு கொடுக்க ஆபீஸ் கிடையாது, காலில் விழ ஆபீசர் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். 'பீரோ என்பது ஒரு மையம். நம் தத்துவத்தில் மையம் கூடாது' என்று ஞானசீலன் ஒவ்வொரு சொல்லையும் நம்பர் போட்டுச் சீட்டில் எழுதி, தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குப் பங்கு வைத்துவிட்டார். தானே ஒரு மையமாகிவிடக் கூடாதென்று ஒரு சொல்லையும் மனப்பாடம் பண்ணவில்லை.

சீட்டு கொடுத்த அன்று சங்கிலியின் டீக்கடையில் தத்துவத்தையும் விளக்கியிருந்தார்.

"ஏம்ப்பா, தெருக்குழாயில சண்டை நடந்தா என்ன ஆகும்?"

"அம்புட்டு வீட்டுக்கும் தெரிஞ்சு போகும்ணே" என்றான் சங்கிலி.

"அதுல ஒருத்தி மட்டும் பின்னால கதைய மாத்துனா?"

"மத்தவளுக விடுவாளுகளா?"

"அதான்டா பிளாக்செயின்! ஒரே கணக்கு, எல்லார்ட்டயும் நகல். ஒருத்தன் திருத்துனா மத்தவன் புடிச்சிருவான். பெரும்பாலானவங்க ஒத்துக்கிட்டாத்தான் எதுவும் நடக்கும். தலைவருன்னு ஒருத்தர் கிடையாது."

ஃப்ளெக்ஸ் அடிக்கும் கருப்பு டீ கிளாஸைக் கீழே வைத்தான். "தலைவரு இல்லாட்டி ஃப்ளெக்ஸ்ல யாரு படத்தண்ணே போடுறது?"

மதுரைப் பக்கத்தில் பிறந்த எவனும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி.

இப்போது சீட்டுகளைத் திரும்ப வாங்க வேண்டும். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேதி போட்டார்: 'சொல் காப்பாளர்களே, சீட்டை எடுத்து வையுங்கள்.'

மறுநாள் காலை தெருமுனையில் பதினாறடி ஃப்ளெக்ஸ் நின்றது. கூலிங்கிளாஸ் போட்ட கருப்பு, பக்கத்தில் பாயும் புலி. கீழே, 'ஏழாம் சொல்லின் காவலரே!'

"டேய், ரகசியத்தப் போயி இப்படியாடா?"

"சொல்ல எங்கண்ணே சொன்னேன்? டைகர் படம் மட்டும்தான போட்டிருக்கேன்?"

ஒரு சொல்லாவது கிடைத்ததே என்று பக்கத்து வீட்டு முத்துமீனாவிடம் போனார்.

"சீட்ட மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேண்ணே. வெள்ளிக்கிழமை தவிர அவுக்கப்படாது."

"அது வெறும் ஆனியனோ கேரட்டோதான் தங்கச்சி!"

"சாமிக்கிட்ட வச்சபெறகு அது வெறும் ஆனியனா?"

அடுத்த சீட்டுக்காரர் நல்லகாமன் வீட்டில் பூட்டு தொங்கியது. மனுஷன் திடீரென்று எழுமலைக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டாராம். ஞானசீலன் பஸ் மாறிப் பஸ் ஏறி எழுமலையில் போய் இறங்கினார். நல்லகாமன் கோழிக்குழம்பு ஊற்றி உபசரித்துவிட்டு, "சீட்டு பரவையிலதான் இருக்கு. நான் வர எம்புட்டு நாளாகுமோ" என்று சொன்னார்.

திரும்பும் வழியில் ஞானசீலனுக்கு ஒரு யோசனை உதித்தது. சீட்டு கொடுப்பவர்களுக்கு மேடையில் பொன்னாடை என்று குழுவில் அறிவித்தார். நல்லகாமன் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். ஆனால் கருப்புக்கு மட்டும் ஃப்ளெக்ஸா என்று மற்றவர்கள் கிளம்பினார்கள். சரி, எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஃப்ளெக்ஸ் என்றார். முதல் சொல்காரர் தன் தலை பெரிதாக வேண்டும் என்றார். முதல் சொல்லுக்கு ஒரு மரியாதை இல்லையா? கடைசிச் சொல்காரர், தன் சொல் இல்லாவிட்டால் பூட்டே திறக்காது என்றார். கடைசியில் எல்லாத் தலையும் ஒரே அளவில் வந்தன. உரையாற்றுபவரின் தலைக்கு மட்டும் இடம் போதவில்லை.

போகட்டும். ஞாயிறு மதியம் பதினோரு சொல் கையில் இருந்தது. பாக்கி சங்கிலி.

"எஞ் சொல்லு கேவலமான சொல்லுண்ணே. வாயால சொல்ல மாட்டேன்."

"எழுதிக் குடுடா!"

"கையாலயும் மாட்டேன். கருப்புக்குப் புலியக் குடுத்துட்டு எனக்குப் போயி இதக் குடுத்தீங்களேண்ணே."

பொன்னாடையை இரண்டாக்கிப் பார்த்தார். மாலையும் உண்டென்றார். சங்கிலி பாலை ஆற்றிக்கொண்டே இருந்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. ஞானசீலன் வீட்டுக்கு வந்து, தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டத்த ரத்து பண்ணிரலாம் மேரி. காலத்துக்கும் நான் உன் வீட்டுக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

ஆனிமேரி சிவப்புப் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனாள்.

"சங்கிலி."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சங்கிலியின் கை தானாகக் கட்டிக்கொண்டது.

"டீச்சர்... வேணாம் டீச்சர்..."

"சொல்லு."

"டாங்கி டீச்சர்."

"ஸ்பெல்லிங்?"

அதையும் சொன்னான், கண் கலங்க.

சமுதாயக்கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பொன்னாடையோடு பன்னிரண்டு பேர். ஞானசீலன் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். வாலட் திறந்தது. மனிதருக்குக் கழுத்து ஓரங்குலம் நீண்டது.

"இப்ப நீங்க பாக்கப்போறத ஒரு எழுத்துக்கூட யாராலயும் மாத்த முடியாது! அரசாங்கத்தால முடியாது, நானே நினைச்சாலும் முடியாது!"

திரை ஒளிர்ந்தது. தங்க பார்டர், முத்திரை. நடுவில்: 'பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் தேர்ச்சி பெற்றவர், ஆனிமேரி.'

மெயில். அவளுடைய மெயில். ஆனிமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் வரும் என்று ஞானசீலன் காத்திருந்தார். வரவில்லை. அதைவிட விசித்திரம், ஒருவர் முகத்திலும் ஆச்சரியம்கூட இல்லை. முன்வரிசை மொத்தமும் எழவு வீட்டுக்கு வந்ததுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்துமீனா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நல்லகாமன் பொன்னாடையை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சங்கிலிதான் எழுந்தான்.

"நீங்க சேதி போட்ட அன்னைக்கே டீக்கடையில பன்னெண்டு சீட்டையும் சேத்து வாலட்டத் தொறந்து பாத்துட்டோம்ணே, உள்ள டீச்சர் பேரு இருந்துச்சு. அப்புறம் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, தலைவரு இல்லாம, பன்னெண்டு பேரும் ஒத்துக்கிட்டு முடிவு எடுத்தோம்... எங்க தலையக் குடுத்தாவது உங்களத் தொறக்க விடக்கூடாதுன்னு."