புதன்கிழமை ஆய்வுக்கு வர வேண்டாம் எனக் கோரி

மதிப்பிற்குரிய கல்வி ஆய்வு அலுவலர் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் ஆவல் தேவைப்படவில்லை. தங்கள் கணவரும் என் கணவரும் சனிக்கிழமைதோறும் நமக்குத் தெரியாமல் ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். தங்களுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதும், இடது முழங்கால் படியேறும்போது மட்டும் மக்கர் செய்வதும், புதுக் கண்ணாடி பிடிக்கவில்லை என்று பழையதையே போட்டுக்கொள்வதும் அந்தக் கடை வழியாக எனக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. என்னைப் பற்றியும் தங்களுக்கு அப்படியே வந்திருக்கும்.

நிற்க. வரும் புதன்கிழமை தாங்கள் எங்கள் பள்ளிக்கு ஆண்டாய்வுக்கு வரவிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். காய்ச்சல் என்று சொல்லலாம். முழங்கால் என்று சொல்லலாம். வேறு யாரையாவது அனுப்பலாம். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவராவது தங்கள் அலுவலகத்தில் இருப்பார், அவர் வந்தால் பள்ளியே நன்றியுடையதாக இருக்கும்.

காரணம் சொல்லாமல் எதைக் கேட்டாலும் தங்களுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். எல்லாம் தங்கள் சுற்றறிக்கையில்தான் ஆரம்பித்தது. நவீன உலக வரலாற்றின் கருப்பொருள்களை நடப்பு நிகழ்வுகளோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும், மாணவர்கள் அதைச் சார்ட்டாகச் செய்து காட்சிக்கு வைக்க வேண்டும் என்று வந்தது. கீழே தங்கள் கையெழுத்து. என் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாகத் தாங்கள் போட்டுக்கொடுத்த அதே வலப்பக்கம் சாயும் கையெழுத்து. நானும் கீழ்ப்படிந்தேன். சார்ட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம் வரலாறு, வலப்பக்கம் இன்றைய பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய செய்தி என்றேன். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் வீட்டில் பேப்பரே வாங்குவதில்லையாம். அப்போதுதான் இருபது வருடம் பாடம் நடத்தியவள் சொல்லக் கூடாத வாக்கியத்தைச் சொன்னேன்: "பேப்பர் இல்லாதவங்க, உங்க கண்ணு முன்னாடி இப்ப என்ன நடக்குதோ அதை எழுதுங்க." எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது மொத்தமாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். வராந்தாவில் உள்ள கண்ணாடிப் பலகைகள் அன்றைக்கே நிறைந்தாக வேண்டும் என்று தலைமையாசிரியை என் தலைமேல் நின்றதில், நான் இடப்பக்கத்தை மட்டும் பார்த்தேன், ஆண்டுகள் சரியா என்று சரிபார்த்தேன், மாட்டச் சொல்லிவிட்டேன். வலப்பக்கத்தைப் படிக்கவேயில்லை. வரலாற்று ஆசிரியைகளுக்கே உள்ள கோளாறு இது. இடப்பக்கம்தான் நம் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

உடற்பயிற்சி ஆசிரியர் மாட்டினார், கண்ணாடிக் கதவைப் பூட்டினார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கைப்பந்துக் குழுவோடு வெளியூர்ப் போட்டிக்குப் போய்விட்டார். புதன் மாலைதான் வருவார். மாற்றுச் சாவி இருக்கிறதா என்று தாங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அதே வளையத்தில்.

சனிக்கிழமை காலை சிறப்பு வகுப்புக்குப் போனால் வராந்தாவில் கூட்டம். கணக்கு ஆசிரியர் ஒரு பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். தலைப்பு, 'விட்டுக்கொடுத்துச் சமாதானம் வாங்குதல், 1938.' இடப்பக்கம், இதுதான் கடைசி என்று சொல்லிச் சொல்லியே நாடு பிடித்த சர்வாதிகாரியின் கதை, பிழையில்லை. வலப்பக்கம் இப்படி: "முதலில் கணக்கு சார் ஓவிய வகுப்பைக் கேட்டார். இதுதான் கடைசி என்றார். கொடுத்தோம். பிறகு விளையாட்டு வகுப்பைக் கேட்டார். இதுதான் கடைசி என்றார். கொடுத்தோம். இப்போது நூலக வகுப்பின் எல்லையில் நிற்கிறார். மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்."

"டீச்சர், நான் என்ன நாடு பிடிக்கிறவனா?" என்றார்.

"இல்ல சார், பசங்க ஏதோ விளையாட்டா..."

"விளையாட்டப் பத்திப் பேசாதீங்க! அதைத்தான் நான் புடுங்கிட்டேன்னு எழுதியிருக்கான். போர்ஷன் முடியல, எடுத்தேன். எனக்காகவா எடுத்தேன்?"

இடப்பக்கத்து ஆசாமியும் தனக்காக என்று எப்போதும் சொன்னதில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போன் போட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கெஞ்சினால் அவர், "எந்தச் சார்ட் டீச்சர்? அதுவா? இருக்கட்டுமே. மூணு வருஷமா என்னால சொல்ல முடியாததப் பசங்க சொல்லியிருக்காங்க" என்று வைத்துவிட்டார். பக்கத்துப் பலகை கேன்டீன்காரரைப் பற்றி. வியாபாரம் செய்ய வந்த கம்பெனிகள் நாட்டை எடுத்துக்கொண்ட கதைக்கு நேராக, "வராந்தாவில் ஒரு மேசை போட இடம் கேட்டு வந்தார். பிறகு ஒரு அலமாரி. பிறகு ஒரு பூட்டு. இப்போது எங்கள் சைக்கிளை எடுக்க அவரிடம் அனுமதி கேட்கிறோம்" என்று எழுதி, வரைபடமும் போட்டு, கைப்பற்றிய பகுதிகளுக்குச் சிவப்பு மை தீட்டியிருந்தார்கள். அவர் படித்தார். பத்து மணிக்கு ஆசிரியர் அறைக்கு டீ வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பொருளாதாரத் தடை என்று அறிவியல் டீச்சர் மெதுவாகச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இவ்வளவும் சமாளித்திருப்பேன். மூன்றாவது பலகைதான். அதைத் தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படித்தார், அது யாருடையது என்று தெரியாமல். எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அக்கா, இதற்குமேல் தாங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது பட்டாணி செய்தது. நீ பட்டாணி என்று பெயர் வைத்த என் மகள் இப்போது என்னைவிட உயரம். என் வகுப்பிலேயே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே என்னை 'மிஸ்' என்கிறாள்.

தலைப்பு, 'பனிப்போர்.' வல்லரசுகள்: அம்மா, பெரியம்மா (கல்வி ஆய்வு அலுவலர்). நேரடிச் சண்டை: இல்லை. ஆயுதப் போட்டி: அம்மா முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார், நான்கே மாதத்தில் பெரியம்மாவும் பதிவு செய்தார், இருவரும் இன்னும் முடிக்கவில்லை. சுவர்: குடும்ப வாட்ஸப் குழு, ஒருவர் எழுதிய நாளில் மற்றவர் எழுத மாட்டார். அணிசேரா நாடுகள்: அப்பா, பெரியப்பா, சகலைகள் இருவரும் சனிக்கிழமைகளில் உச்சி மாநாடு நடத்துகிறார்கள். உளவாளி: நான், இரு தரப்புக்கும், இரு தரப்பும் நன்றாகக் கவனிக்கின்றன. கடைசியில் 'முடிவு' என்று ஒரு கட்டம். அதன் இடப்பக்கத்தில், சுவர் எப்படி விழுந்தது என்று நான் நடத்தியதை அப்படியே எழுதியிருந்தாள்: ஓர் அதிகாரி செய்தியாளர் கூட்டத்தில் கையில் இருந்த தாளைச் சரியாகப் படிக்காமல், எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, எனக்குத் தெரிந்தவரை உடனே என்று சொல்லிவிட்டார், மக்கள் கிளம்பிவிட்டார்கள், திறந்தாக வேண்டியதாயிற்று. வலப்பக்கத்தில், "செய்தி எதுவும் வரவில்லை."

நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. 'காரணம்.'

தலைமையாசிரியை கீழே பெயரையும் பிரிவையும் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், வரப்போற ஆய்வு அதிகாரி உங்க கூடப்பிறந்த அக்காவா? இத்தனை வருஷம் வாயத் திறக்கலியே நீங்க!" கழற்றிய கண்ணாடியால் பலகையைத் தட்டினார். "இங்க பாருங்க. அவங்க இதைப் படிச்சுட்டு ஸ்கூலப் பத்தி என்ன எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு சாவி வரணும். இல்ல உங்க அக்கா வரக் கூடாது. ரெண்டும் நடக்கலன்னா, உங்கள மாத்தச் சொல்லி நானே மேல எழுதிடுவேன்." கணக்கு ஆசிரியர் தலையை ஆட்டினார். என் வகுப்புகளையும் அவரே எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பதுபோல் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டேன். "ஏண்டி, வீட்டு விஷயத்தையா ஊருக்குப் போட்டுக் காட்டுவ?"

"நீதானே கண்ணு முன்னாடி நடக்கிறத எழுதச் சொன்ன."

"அதுக்காக எல்லாத்தையுமா?"

"எல்லாம் எழுதலம்மா. காரணத்த எழுதல. அப்பாகிட்ட கேட்டேன், உங்கம்மாவக் கேளுன்னாரு. பெரியம்மாகிட்ட கேட்டேன், உங்கம்மாவக் கேளுன்னாங்க. உன்னக் கேட்டா நீ வெங்காயம் நறுக்கப் போயிடுவ." பிறகு, "அந்தக் கட்டத்துக்கு மார்க் குறைப்பியா?" என்றாள்.

குறைப்பேன் என்று வாயெடுத்தேன், அக்கா. காரணம் எழுதாத விடைக்கு நான் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இது. சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சரி சரி என்பேன், நாற்பது வருடமாக அப்படித்தான். அந்தக் கட்டத்தில் வர வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டும் என்றாய் நீ, வேண்டாம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன் நான். அன்றைக்கு ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாய். கிளம்பிவிட்டேன், இருபது நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று போன் செய்தாய். நர்ஸ் அப்போது அந்தத் தாளை நீட்டினாள், எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்கிற தாள். நான் கையெழுத்துப் போட்டேன். நீ வந்து கேட்டபோது, "அப்பாதான் அவசரப்படுத்தினாரு, யாருக்கும் காத்திருக்க வேணாம்னாரு" என்று சொன்னேன். நீ வாசலில் போய் நின்று, "இனிமே எல்லாத்துக்கும் நீயே கையெழுத்துப் போட்டுக்கோ" என்றாய். அவர் வீட்டில் உயிரோடு இருந்த பத்தொன்பது நாளும் நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதைத்தான் கோபம் என்று நினைத்து, பதிலுக்குக் கோபப்பட்டுக்கொண்டேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை, அக்கா. "பெரியவ வரட்டும்மா. அவளும் இருக்கணும்" என்றுதான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். நீ வந்தால் நீ பேசுவாய், நான் தலையாட்டிவிடுவேன் என்ற பயத்தில் போட்டேன். ஒரு நாட்டைக் கூறு போட்டுவிட்டு, அந்த நாட்டுக்காரர்களை வெளியே காக்க வைத்திருந்த அந்த 1938 ஒப்பந்தத்தை வருடாவருடம் நடத்துகிறேன். எவ்வளவு அநியாயம் பாருங்கள் என்று குரலை உயர்த்துவேன், பிள்ளைகள் கீழே கோடு போட்டுக்கொள்வார்கள். அந்த அறையில் பேனாவைப் பிடித்திருந்தவள் நான் என்று ஒரு வருடம்கூடத் தோன்றியதில்லை. அப்பா உனக்காகக் காத்திருக்கவில்லை என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் காத்திருந்தார். நான்தான் இல்லை.

ஆகவேதான் வராதே என்கிறேன். தலைமையாசிரியைக்காக இல்லை, மாற்றலுக்காகவும் இல்லை. வெளியூர் போட்டால் போய்விட்டு வருகிறேன். ஆனால் அந்த வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் நீ பழைய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்று, "இது ஏன் காலியா இருக்கு டீச்சர்?" என்று அலுவலகக் குரலில் கேட்பாய். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை என்னால் செய்ய முடியாது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்; சர்க்கரை இல்லாத டீ என்று உன்னிடம் சொல்லியிருப்பார், அது பொய் என்பதையும் சேர்த்துச் சொல்லவும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. என் கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள வரலாற்று ஆசிரியை,
உன் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்ட எச்சில் தொட்டபோது மணி அடித்தது. கையில் ஒரு பையோடு நீ நிற்கிறாய். உளவாளி வெள்ளிக்கிழமையே சார்ட்டைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டாளாம். காலையில் நீ போன் செய்து, உங்க வீட்டுக்கு எப்ப வரலாம்டி, உங்கம்மாவக் கேட்டுச் சொல்லு என்றாயாம். என்னைக் கேட்காமலே, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உடனே வரலாம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டாளாம். இப்போது நீ அடுப்படியில் என் டப்பாக்களை உன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாய். சத்தம் கேட்கிறது, எல்லையைத் தாண்டி மேல் தட்டு வரை போயாயிற்று. நீ என்னிடம் இதுவரை பேசியது, "சீரகம் எங்க?" மட்டும். ஆகையால் மேற்கண்ட கோரிக்கை முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். புதன்கிழமை தவறாமல் வரவும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் பட்டாணியிடம் கொடுத்து அடுப்படிக்கு அனுப்புகிறேன். 'ஞாயிற்றுக்கிழமை மதியம் இது' என்று தொடங்கும் பத்தியை மட்டும் படித்தால் போதும். நான் வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறேன். இருபது நிமிடம் எடுத்துக்கொள், அக்கா, அதற்கு மேலும் எடுத்துக்கொள். இந்தத் தடவை நீ வரும்வரை எங்கேயும் போக மாட்டேன்.