டாக்டர் இனோகேயின் மழைக்கோட்டு

"சார், முதல்ல அந்த மழைக்கோட்டைக் கழட்டுங்க."

டாக்டர் இனோகே பாதி கடித்த பிஸ்கட்டோடு அப்படியே நின்றுவிட்டார். கதவோரம் தேநீர்த் தட்டுடன் நின்ற செக்ரட்டரி சலோதே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சொன்னவள் வாசெமாதா. ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சலோதே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தாள். "சம்பளம் கேளு, லீவு கேளு, அவர் நாற்காலியையே கேளு. கோட்டைக் கழட்டச் சொல்லி மட்டும் கேக்காத. போன வருஷம் கேட்ட பையன் இப்ப ரோத்துமா தீவுல கடலட்டை எண்ணிக்கிட்டிருக்கான்."

காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய நீர் ஆராய்ச்சிக்குப் படியளப்பதே அந்தக் கோட்டுக் கம்பெனிதான். நெஞ்சில் ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே 'இயற்கைக்கு இதமானது' என்று எழுத்து. எடுக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் அந்த இலை தெரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். போட்டோக்காரன் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இனோகே சுவா நகரத்து மழையில் மட்டுமல்ல, வெயிலிலும் ஏசி அறையிலும் அதைப் போட்டிருந்தார்.

மேசைக்கு எதிரே நீர்த்துறை அதிகாரி மிஸஸ் மகாராஜ் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டியது நைதாலோ கிராமத்து ஊற்றை மூடும் உத்தரவில். போட்டுவிட்டால் ஊர் முழுக்க லாரித் தண்ணீருக்குக் கையேந்த வேண்டும். ஊற்று நீரில் கீரை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவரும் பெண்கள் பாத்தியை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஊர்த் தலைவர் செவுலோனி, இருப்பதிலேயே நல்ல சூலு வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதைக்குக் கொண்டுவந்த யங்கோனா வேர்க்கட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

எல்லாம் ஒரு சின்னப் புட்டியில் ஆரம்பித்தது.

ஊற்று நீர் எடுக்கப் போகும்போதெல்லாம், ஆய்வகத்தில் சுத்தப்படுத்திய நீரையும் ஒரு புட்டியில் கொண்டுபோய், அந்த இடத்திலேயே திறந்து மூடித் திரும்பக் கொண்டுவருவார்கள். வெற்றுப் புட்டி என்று அதற்குப் பெயர். அதில் ஏதாவது தென்பட்டால் குற்றம் ஊற்றுடையதல்ல, எடுத்தவர்களுடையது. முதல் தடவை போனபோது ஊற்று நீரில் அழியா ரசாயனம் கொஞ்சம் இருந்தது. தண்ணீரும் கறையும் ஒட்டாமல் இருக்கப் பூசுவார்களே, மண்ணிலும் மனித உடம்பிலும் குடியேறிவிட்டால் கிளம்பவே கிளம்பாதே, அது. வெற்றுப் புட்டியிலும் அதே.

"உன் கைதான் காரணம்" என்றார் இனோகே. "வீட்ல சோப்பு இருக்கா, இல்ல இன்னும் சாம்பல்தானா?"

வாசெமாதாவின் அப்பா நௌசோரி பஸ் டிரைவர். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கறுப்பு அங்கியில் அவள் நிற்கிற போட்டோவைக் கண்ணாடிக்கு மேலே மாட்டிவைத்து, "எம் பொண்ணு" என்று காட்டாமல் எந்தப் பயணிக்கும் அவர் கதவைத் திறந்துவிட்டதில்லை. சாம்பல் என்ற சொல் அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வைத்துக்கொண்டாள்.

அடுத்த பயணத்துக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, முகத்துக்குக் க்ரீம் போடவில்லை. துணியைச் சாயம் போகிற வரைக்கும் அலசினாள். வெற்றுப் புட்டியில் ரசாயனம் கூடியது.

அதற்கடுத்த முறை எண்ணெய் ஒட்டாத காகிதத்தில் சுற்றிய சாப்பாட்டையெல்லாம் வண்டி ஏறும்போதே பிடுங்கிவிட்டாள். இனோகேயின் கோழி ரொட்டியும் போயிற்று. மொத்தக் குழுவும் வாழை இலையில் அவித்த மரவள்ளியை வைத்துக்கொண்டு அவளை முறைத்தபடி தின்றது. புட்டியில் இன்னும் கூடியது. சுத்தப்படுத்திக் கொண்டுபோன தண்ணீர் ஊற்றுத் தண்ணீரைவிட அழுக்காகிவிட்டது.

மறுமுறை இனோகே தாமே களத்தில் இறங்கினார். "மழையிலதான் ஏதோ இறங்குது. எல்லாரும் கோட்டைப் போட்டுப் பட்டனை மாட்டுங்க. புட்டிப் பெட்டி மேலயும் ஒன்னைப் போர்த்துங்க!" ஊர்க்காரர்களுக்கும் ஒரு யோசனை சொன்னார்: "மேலேருந்து எதுவும் விழாம ஊத்தை நல்லா மூடி வைங்க." போகிற போதெல்லாம் கம்பெனி அன்பளிப்பாக ஊருக்கு ஒரு கட்டு கோட்டும் கொடுத்தார். ஊர் கைதட்டி வாங்கிக்கொண்டது. போட்டோக்காரன் படம் எடுத்தான்.

அந்த வாரம் ஆய்வகத்து இயந்திரம் போட்ட கோடு காகிதத்தைத் தாண்டி மேலே ஓடிவிட்டது.

"வெற்றுப் புட்டியைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார் இனோகே. "ஊத்துக் கணக்கை மட்டும் அனுப்பு. காலிப் புட்டியை எவன் கேக்கப் போறான்?"

இதோ, அவள்தான் கேட்கிறாள்.

"கழட்டிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க சார்."

இனோகே கழற்றினார். முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக மிஸஸ் மகாராஜின் கண்ணாடி தெரிந்தது.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான். நேத்து மத்தியானம் நீங்க மேசையில கவுந்து குறட்டை விட்டப்போ வெட்டினேன். கத்தரிக்கோல் சலோதே அக்காவோடது."

தேநீர்த் தட்டில் கோப்பைகள் கலகலத்தன. "எனக்கு எதுவும் தெரியாது சார்!" என்றாள் சலோதே.

"அந்தத் துண்டைச் சுத்தத் தண்ணில போட்டு ஆட்டினேன் மேடம்." வாசெமாதா இயந்திரத்தின் காகிதத்தை மேசையில் விரித்தாள். "இயற்கைக்கு இதமானது எவ்வளவு கக்கியிருக்கு பாருங்க. எங்க கையும் இல்ல, சோப்பும் இல்ல. நாங்க உடுத்திக்கிட்டுப் போனதுதான் புட்டியில விழுந்திருக்கு."

மிஸஸ் மகாராஜ் நிதானமாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "அப்ப ஊத்துல ஒன்னுமில்லையா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். காரியம் முடிந்துவிடும். வாசெமாதா தலையாட்டவில்லை.

"போன வாரம் நான் மட்டும் தனியா பஸ்ல போனேன் மேடம். கோட்டு இல்ல, பழைய பருத்திச் சட்டை. எப்பவும் எடுக்கற மாதிரி, ஊத்துலேருந்து வர்ற ஊர்முனைக் குழாயிலதான் தண்ணி புடிச்சேன். வெற்றுப் புட்டி பளிச்சுனு இருந்தது. ஆனா ஊத்துத் தண்ணில ரசாயனம் இருக்கு. முன்னைவிட அதிகமாவே இருக்கு."

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" இனோகே ஓட்டைக் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். "அவ வாயாலயே வந்துடுச்சு!"

"ஊர்க்காரங்க அந்தக் கோட்டைப் போட்டுட்டுக் குழாய்கிட்ட வர்றாங்களோ?" என்றாள் மிஸஸ் மகாராஜ்.

"அதையும் பாத்தேன். ஊர்ல ஒருத்தர் மேலயும் கோட்டு இல்ல."

சலோதே தேநீர் வைக்கிற சாக்கில் குனிந்து அவள் காதில் சீறினாள். "இதைச் சொல்லாம இருந்தா என்னடி?"

"அப்புறம் எனக்கும் அவருக்கும் என்னக்கா வித்தியாசம்?"

மிஸஸ் மகாராஜ் பெருமூச்சு விட்டு உத்தரவைத் தன் பக்கம் இழுத்தாள். "ஊத்துல இருக்குன்னா நான் மூடித்தான் ஆகணும்மா. வேற வழி இல்ல."

இனோகேக்குத் தாராள மனசு வந்துவிட்டது. "அறிக்கையில நீயும் ஒரு கையெழுத்துப் போடு வாசெ. கோட்டு விஷயத்தை மறந்துடறேன். உங்கப்பா பஸ்ல மாட்டறதுக்கு இன்னொரு போட்டோவும் எடுத்துக்கலாம்."

மீன்முள் அப்போதுதான் வெளியே வந்தது.

வாசெமாதா எழுந்தாள். பையிலிருந்து தனக்குக் கொடுத்திருந்த கோட்டை எடுத்து மேசைமேல் எறிந்தாள். ஆய்வகச் சாவியை அதன்மேல் வைத்தாள்.

"என் பேரு இதுல வரக் கூடாது. அப்பாவுக்கு இருக்கற போட்டோவே போதும். நான் நைதாலோ போறேன். அது எங்கேருந்து வருதுன்னு பாக்காம திரும்ப மாட்டேன்." செவுலோனி பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க ஊர்ல எனக்கு ஒரு பாய் கிடைக்குமா?"

"பாய் இருக்கு, மரவள்ளி இருக்கு, எங்க வீட்டுக்காரியோட வாயும் இருக்கு. தாங்குவேன்னா வா." செவுலோனி எழுந்தார். மேசைமேல் கிடந்த கோட்டைப் பார்த்தார். சாவியை மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு, கோட்டை எடுத்து உதறி, மடிப்புக் கலையாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது உனக்கு வேண்டாமாம்மா? அப்ப நாங்க எடுத்துக்கறோம். டாக்டர் ஊத்தை மூடச் சொன்னாரே, குடுத்த கோட்டை எல்லாம் ஊத்துத் தண்ணி மேலயே விரிச்சும் இன்னும் ஒரு மூலை பாக்கி கெடக்கு."

மிஸஸ் மகாராஜ் பேனாவை மூடினாள்.

"வாசெ..." இனோகேயின் குரல் கோட்டின் ஓட்டை வழியாக வருவது போல் வந்தது. "உக்காரும்மா. டீ ஆறுது பாரு."

வாசெமாதா செவுலோனியின் கக்கத்திலிருந்து கோட்டை எலிவாலைப் பிடிப்பது போல இரண்டு விரலால் உருவி, இனோகேயின் மடியில் போட்டாள். சாவியைத் தொடவில்லை.

"வாங்க மாமா, மொதல்ல போய் எல்லாத்தையும் வெளிய இழுப்போம்."

சலோதே கதவை அகலத் திறந்துவிட்டாள். வெளியே சுவாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசெமாதா தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் இறங்கி நடந்தாள்.