மணிக்கூட்டுக் காக்காவும் பொது மதிலும்

உலகில் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர், கல்முனையில் என் பக்கத்து வீட்டு மணிக்கூட்டுக் காக்காதான். கடிகாரம் திருத்துகிற அண்ணனை எங்கள் ஊர் அப்படித்தான் கூப்பிடும். ஒரே பேக்கரியில் வாங்கிய இரண்டு பணிஸை முகர்ந்துவிட்டு, "இது நேத்துச் சுட்டது" என்று ஒன்றைத் திருப்பி அனுப்புவார். ஆறு தடவையில் ஆறும் சரியாக இருந்தது. கணக்கு வாத்தியார் நான், எண்ணியிருக்கிறேன்.

மணிக்கூடு திருத்தும் கடையை மூடிய பிறகு, அந்தக் கண்ணைப் பவளத்தின் மேல் திருப்பினார். ஹோலில் இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், நீல வெளிச்சம். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகைக்கு முன் பழைய தண்ணீரை எங்கள் பொது மதிலடியில் ஊற்றுவார். என் பக்கத்துப் பூச்சு ஒன்பது இடங்களில் உரிந்தது. பொறுக்க முடியாமல், ஒரு அடி தள்ளித் தனி மதில் கட்ட இருநூற்று நாற்பது சீமெந்துக் கல் இறக்கினேன்.

அன்று மாலை காக்கா வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சேர், ஒரு பிரச்சின. ஒருக்கா வந்து பாருங்க."

தொட்டியின் இரு மூலையில் இரண்டு கற்பவளத் துண்டுகள். கொழும்பில் யாரோ தொட்டியில் வளர்த்தவை. இரண்டும் மண்ணிறம், நடுவில் பச்சை, மேலெல்லாம் குழி. விற்றவர் ஒரே சாதி என்றாராம். ஒரே சாதியானால் பக்கத்தில் வைக்கலாம். வேறானால், விளக்கணைந்ததும் ஒன்று நீண்ட இழைகளை நீட்டி மற்றதைக் கொட்டியே கொன்றுவிடும். பதினொரு நாளாகக் காக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மணிக்கூடு பார்க்கும் லென்ஸை என் கண்ணில் வைத்தார். குழிகளை எண்ணினேன்.

"இதுல முப்பத்தேழு, அதுல நாப்பத்தொண்டு. மத்தப்படி ரெண்டும் ஒண்டுதான் காக்கா."

"எண்ணாதீங்க சேர். மதிலப் பாருங்க."

பார்த்தேன். ஒன்றில் ஒவ்வொரு குழிக்கும் தனிச் சுவர், சுவர்களுக்கு நடுவே மெல்லிய பள்ளம். மற்றதில் பக்கத்துக் குழிகள் இரண்டுக்கும் ஒரே சுவர்.

"வேற சாதிதான்" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சி. ரெண்டாவது கண் ஒண்டு தேவப்பட்டிச்சி." காக்கா மூச்சை விட்டார். "இந்தத் தனி மதில்காரனப் பாருங்க, நடுவுல சந்து மாதிரி ஒழுங்கை உட்டிரிக்கான். என்ன பிரயோசனம், குப்பதான் சேருது."

என் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லென்ஸைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"மற்றதுக்கு வேற தொட்டி வைக்கோணும் சேர். அடியில அடுக்க ஒரு பதினாறு கல்லு தருவீங்களா?"

என் கல்லின் மேல் தொட்டி ஏற்றி, என் மதிலில் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்ற, என்னிடமே கேட்கிறார்.

"பதினாறு காணாது, ஆடும். பதினெட்டா எடுங்க" என்றேன்.

மிச்சக் கற்கள் இருநூற்று இருபத்திரண்டும் வளவில் அப்படியே கிடக்கின்றன. உரிந்த இடங்கள் பதினான்காகிவிட்டன.

போன மாதம் ஒரு வெள்ளி, பன்னிரண்டு மணியாகியும் மதிலடி காய்ந்து கிடந்தது. நான் போய்க் கதவைத் தட்டினேன். காக்கா சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி திறந்தார்.

"ஒலுவிலுக்கு மகளப் பார்க்கப் போன, வரச் சுணங்கிட்டு. ஏன் சேர், இப்பிடி மூச்சு வாங்குது?"

"ஒண்டுமில்ல. தண்ணி ஊத்த நேரமாகிட்டு."

என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு இருபத்தாறு காலடி. அன்று எத்தனை வைத்தேன் என்று எண்ணவில்லை.