ஆண்டகைக்கு ஒரு கோப்பைத் தெளிவு

தெளிவுதான் நாகரிகம். மனிதன் குகையை விட்டு வெளியே வந்ததே தெளிவைத் தேடித்தான். சிந்தனையில் தெளிவு, பேச்சில் தெளிவு, கோப்பையில் தெளிவு. இந்த மூன்றும் இல்லாதவனைப் படித்தவன் என்று சொல்ல முடியாது. நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற, படித்தவர் என்று ஊர் மரியாதையாக 'உஸ்தாஸ்' போட்டு அழைக்கும் நக்லே இதைச் சொல்லாத வீடு ஐன் ஜவ்ஸ் என்ற அரபு மலைக்கிராமத்தில் கிடையாது.

அவருடைய நிலவறையில் அறுபது லிட்டர் வெள்ளை ஒயின் பருப்புக் கஞ்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அன்று புதன்கிழமை. ஞாயிறு மதியம் பிஷப் சாப்பிட வருகிறார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு நடக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒயின் மட்டும் உண்டு. ஆகவே விருந்தின் மானம் முழுக்க அந்தக் கஞ்சியில் மிதந்தது.

போன வருஷ நோன்பில் பிஷப் சாப்பிட்டது மத்ரி வீட்டில். மத்ரி, நக்லேயின் மனைவி வர்தேயின் அண்ணன். ஜெபம் முடிந்ததும் பிஷப் கண்ணாடிக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இவ்வளவு தெளிவான ஒயினை நான் பார்த்ததே இல்லை" என்றார். அந்த வாக்கியத்தை மத்ரி சட்டம் போட்டு மாட்டவில்லை, அவ்வளவுதான். மற்றபடி கல்யாணம், கருமாதி, ஆலிவ் செக்கு எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்.

நக்லே சமையலறையில் நான்கு முட்டைகளை உடைத்து, வெள்ளைக்கருவை மட்டும் எடுத்து, உப்புப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். வர்தே வந்து பார்த்தாள்.

"நோன்பும் அதுவுமா முட்டையா? என்ன உஸ்தாஸ், மதம் மாறிட்டீங்களா?"

"இது திங்கறதுக்கு இல்லடி. ஒயின்ல ஊத்தினா அழுக்கைக் கட்டிப் பிடிச்சு அடியில உக்காந்துக்கும்."

"ஆண்டகை வயித்துல போய் உக்காந்தா? எங்க அண்ணன் இதெல்லாம் ஒண்ணும் போடறதில்ல. ஆறு மாசம் தொடாம வெச்சிருப்பாரு."

"அதுக்குப் பேர் முறையில்ல, சோம்பேறித்தனம்."

இருபது இருபது லிட்டராக மூன்று கண்ணாடிக் குடுவைகள். முதல் குடுவையில் வெள்ளைக்கரு இறங்கியது. மஞ்சள் கரு பூனைக்குப் போனது. ஊரில் நோன்பு முறித்த முதல் ஜீவன் அதுதான்.

வியாழக்கிழமை பங்குச் சாமியார் அபூனா ஸ்பிரிதோன் வந்தார். வர்தே சொல்லிவிட்டிருந்தாள்.

"நக்லே, முட்டை எங்கிருந்து வருது?"

"கோழியிலேர்ந்து, அபூனா."

"அப்ப அந்தக் குடுவை ஈஸ்டருக்கு அப்புறம்."

நக்லே கலங்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து தம்பி அனுப்பிய பொட்டலம் ஒன்று இருந்தது. சாமியார் வருவதற்கு முன்பே இரண்டாவது குடுவையில் அதைக் கரைத்து ஊற்றியாகிவிட்டது.

"இது முட்டை இல்ல அபூனா. மீனோட காத்துப் பையைக் காயவெச்சுப் பொடி பண்ணினது. வெளிநாட்டுச் சரக்கு."

"காத்துப் பை எங்க இருக்கும்?"

"மீனுக்குள்ள."

"மீனுக்கு வெளியில இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்."

"ஜெலட்டின்?"

"எலும்பு."

"பால் சொட்டு?"

"நக்லே!"

"அப்ப எதைத்தான் போடறது?"

சாமியார் தாடியைத் தடவினார். "மண்ணுக்கு நோன்பு கிடையாது."

மண்ணும் கடையில் கிடைத்தது. ஒயினுக்கென்றே விற்கிற களிமண் தூள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கொஞ்சங்கொஞ்சமாக விடவேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. சட்டப் புத்தகங்களையே புரட்டியவர், பொட்டலத்தையா படிப்பார்? மூன்றாவது குடுவையில் அப்படியே கொட்டினார். தூள் கட்டிகட்டியாக மிதந்தது. கரைக்கலாமென்று துடைப்பக் காம்பை விட்டுக் கலக்கினார். அடியில் தானாகவே படிந்திருந்த வண்டலும் மேலே வந்து வணக்கம் சொன்னது.

சனிக்கிழமை குடுவைக்குள் வெயில் நுழைந்தது, வெளியே வரவில்லை.

நக்லே அலமாரியில் ஒரு வெள்ளைத் துணிப்பையைக் கண்டெடுத்து, அதில் ஊற்றி வடிகட்ட ஆரம்பித்தார். பெரும்பாலும் வடிந்துவிட்டபோது வர்தே அலறினாள்.

"ஐயோ, அது தயிர் வடிக்கிற பை!"

"துவைச்சதுதானே?"

"நனைச்சு வெச்சேன். நோன்பு முடியட்டும்னு சோப்பு போடல."

வடிந்ததில் வெள்ளையாக ஏதோ சுழன்றது. பைக்குள் போகாமல் மிஞ்சியது ஒரே ஒரு கூஜா. நோன்புக்கு ஆகும், கண்ணுக்கு ஆகாது.

ஞாயிறு மதியம் மத்ரி முதல் ஆளாக வந்தார். கக்கத்தில் இரண்டு பாட்டில்.

"சும்மா கொண்டாந்தேன் மாப்ள. தேவைப்பட்டா பாத்துக்கலாம்."

"தேவைப்படாது மச்சான்."

"கஞ்சி குடிக்கிறவங்களும் இருக்காங்களே" என்றார் மத்ரி, பாட்டில்களை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்துவிட்டு.

பிஷப் தன்னுடைய உதவியாளரான டீக்கன் யுவாகீமின் தோளைப் பிடித்தபடி படியேறினார். "இந்த வீட்டுத் தலைவன் வாழ்க" என்று மத்ரியின் தலையில் கை வைத்து ஆசி வழங்கினார். வீட்டுக்காரர் நக்லே பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பிஷப் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஊரே சுவரோரம் நின்றது. நக்லே கூஜாவைத் துண்டால் மூடி டீக்கன் கையில் கொடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் மச்சானின் பாட்டில்கள் மின்னின. "அதை எடுத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆண்டகைக்குத் தெளிந்த ஒயின். நக்லேக்கு ஆயுசு முழுக்கத் தலைக்குனிவு. வாயைத் திறந்தார். அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் தலை குனிந்தார்கள். நக்லே கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஆமென்.

கண்ணைத் திறந்தபோது பிஷப்பின் கோப்பை ஜன்னல் வெளிச்சத்தில் உயரத்தில் இருந்தது. பளபளத்தது. கோப்பை வழியாக எதிர்மலையும் அதன் ஆலிவ் மரங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"பிள்ளைகளே!" என்றார் பிஷப், குரல் தழுதழுக்க. "போன வருஷம் ஒண்ணு பார்த்தேன். இது அதைவிடத் தெளிவு!"

ஊர் கைதட்டியது. வர்தே அழுதாள். அபூனா ஸ்பிரிதோன் மண்ணின் மகிமையை எண்ணிச் சிலுவை போட்டுக்கொண்டார். மத்ரி மட்டும் கைதட்டாமல், மேலே உத்தரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கர்த்தர் கடைசி நொடியில் இறங்கி வந்து வண்டலை அடியில் உட்காரவைத்துவிட்டார் என்று நக்லே நம்பினார். அந்த அற்புதத்தைக் கிட்டத்தில் பார்க்க டீக்கனிடம் ஓடினார். டீக்கன் கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மூடிய துண்டு இன்னும் எடுக்கப்படவில்லை.

"மன்னிச்சுக்கங்க உஸ்தாஸ்" என்றார் டீக்கன் மெதுவாக. "மத்ரி ஐயா வீட்டுல ஆன மாதிரியேதான் ஆச்சு. நான் ஊத்தறதுக்குள்ள ஆண்டகை கோப்பையைத் தூக்கிட்டாரு."