ஒற்றைக் கண் பிரார்த்தனை

தாய்மாரும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊர் அருட்கரத் தாய்சேய் நலச் சங்கத்துக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எப்படி நலமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் தலைமையகத்திலிருந்து இருபத்தேழு பக்கச் சுற்றறிக்கை வந்திருந்தது.

நான் பால் பவுடர் வியாபாரி. இருநூறு டின்னை வேனில் ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குச் சங்கக் கூடத்துக்குப் போனேன். விலையில் பேரம் பேசி என் தோலையே உரித்திருந்தார்கள். கடவுள் காரியமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருந்தேன். டின்களை இறக்கியதும் செயலாளர் அவற்றை அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஏங்க, குடுக்கத்தானே கொண்டுவந்தேன்?”

“குடுப்போம் முதலாளி. முதல்ல போட்டோ. அதைப் பாத்துத் தலைமையகம் சரின்னு சொல்லணும். அப்புறம்தான் டின்னு.”

முன் பெஞ்சில் ஒரு தையல்காரப் பெண், மடியில் இரட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். “ஐயா, பன்னண்டு மணிக்கு நான் மிஷின்ல உக்காரணும். வீட்டு டின்னு நேத்தே காலி. சட்டுனு எடுங்க” என்றாள்.

சுற்றறிக்கையின் நான்காம் பிரிவு: ‘உதவி பெறுவோர் கண்மூடிப் பிரார்த்திக்கும் நிலையில் இருத்தல் வேண்டும்.’ எல்லாரும் கண்ணை மூடினார்கள். போட்டோக்காரர் படமெடுத்துப் போனிலேயே அனுப்பினார். உடனே பதில் வந்தது: ‘ஐந்தாம் பிரிவைக் காண்க.’

ஐந்தாம் பிரிவு: ‘உதவி பெறுவோரின் கண்களில் நம்பிக்கை ஒளி தென்படுதல் வேண்டும்.’

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். இன்னொரு படம். பதில்: ‘நான்காம் பிரிவைக் காண்க.’

எனக்கு மண்டை சூடேறிவிட்டது. “பிள்ளைங்க கத்துதுய்யா! பாலைக் குடுத்துட்டுப் படம் எடுத்தா உங்க சொத்து குறைஞ்சிடுமா?”

செயலாளர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பால் குடிச்ச குழந்தை தூங்கிடும் முதலாளி. தூங்குற கண்ணுல நம்பிக்கை ஒளிக்கு நான் எங்க போறது?”

நியாயம்தான்.

செயலாளரும் பொருளாளரும் அவசரக் குழுவாகக் கூடினார்கள். இரு பிரிவுகளுக்கும் பங்கம் வராத முடிவு அரை மணி நேரத்தில் பிறந்தது: ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்திக்கு உரியது வலது கண்ணா இடது கண்ணா என்பதில் இன்னொரு அரை மணி போயிற்று. வலது என்று தீர்மானமாகி, கையெழுத்தும் ஆயிற்று.

பிறகு ஒத்திகை. ஒரு நாலு வயதுக்காரிக்கு ஒரு கண்ணை மூடினால் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு கர்ப்பிணி கண்ணடிப்பதைப் பார்த்துப் போட்டோக்காரர் வெட்கப்பட்டுக் கேமராவை ஆட்டிவிட்டார்.

“ஏம்மா, உன் பிள்ளைங்க மட்டும் ஒத்துழைக்கலையே” என்றார் செயலாளர், தையல்காரியிடம்.

“நல்லாப் பாருங்க ஐயா. ஒருத்தன் தூங்குறான், ஒருத்தன் முழிச்சிருக்கான். ரெண்டு பேரையும் சேத்துச் சராசரி போட்டுக்கோங்க.”

குழு கலந்தாலோசித்து அதை ஏற்றுக்கொண்டது. படம் போயிற்று. இந்தத் தடவை பதில் வர முக்கால் மணி ஆயிற்று:

‘தங்கள் பகுதித் தாய்மாரிடையே வலக்கண் நோய் பரவியிருப்பதறிந்து ஆழ்ந்த வேதனையடைகிறோம். தொற்று அபாயம் கருதி, விநியோகத்தை நிறுத்தி வைக்கவும். இருநூறு கறுப்புக் கண்ணாடிகள் அனுப்பப்படும்.’

“பாத்தீங்களா! அங்க உக்காந்துக்கிட்டு நம்ம கண்ணைப் பத்திக் கவலைப்படுறாங்க” என்று செயலாளர் உருகினார். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது.

கண்ணாடி வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் தையல்காரி கூடுதல் நேரம் தைத்து, என் கடையில்தான் பவுடர் வாங்கினாள். விலையில் நான் ஒரு பைசா இறக்கவில்லை. சங்கத்தில் விட்டதை எங்கேயாவது பிடிக்க வேண்டாமா?

ஒன்பதாம் நாள் கூடத்தில் இருநூறு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். கைக்குழந்தைகளுக்கு அது மூக்கில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கிக் கிடந்தது, அம்மாக்கள் பிடித்துக்கொண்டார்கள். படமெடுக்கப் போகும்போது தையல்காரி எழுந்தாள்.

“ஐயா, இப்ப என் கண்ணு மூடியிருக்கா, திறந்திருக்கா?”

செயலாளர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “தெரியலையேம்மா.”

“உங்களுக்கே தெரியலைன்னா தலைமையகத்துக்குத் தெரியுமா? பக்தின்னா மூடியிருக்கு, நம்பிக்கைன்னா திறந்திருக்கு. எடுத்து அனுப்பிட்டு அந்தச் சாவியை எடுங்க.”

படம் போன ஒரே நிமிடத்தில் பதில்: ‘மிகச் சிறப்பு.’ இருநூறு டின்னும் பத்து நிமிடத்தில் காலி. தையல்காரி ‘சராசரி’யெல்லாம் பேசாமல், பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு டின்னை இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் படத்துக்குத் தலைமையகம் விருது கொடுத்தது. எல்லாக் கிளைகளிலும் தாய்சேய் நலத்துக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்று புதிய சுற்றறிக்கை வந்தது. செலவு கூடாமல் இருக்க, பால் பவுடர் என்ற இனம் நீக்கப்பட்டது.

நான் சும்மா விடுவேனா? நேரே தலைமையகத்துக்கே போய் மேசையைத் தட்டி மூன்று மணி நேரம் சண்டை போட்டேன். கண்ணாடி ஆர்டரை முழுசாக வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

போன வாரம் தையல்காரி கடைக்கு வந்தாள். “அண்ணே, பவுடர் ஒரு டின்னு.”

“பவுடரை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சும்மா. வைக்க இடமில்லை. கண்ணாடி இருக்கு. இப்பக் கைக்குழந்தை சைஸே வந்திருக்கு.”

அவள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையில் வைத்தாள். “நீங்க போட்டுக்கோங்கண்ணே. உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கும்.”

அவள் போன பிறகு போட்டுப் பார்த்தேன். எடுப்பாகத்தான் இருந்தது.