கோட்டுக்காரன் நிரபராதி

வல்லம்,
18-8-2012

வாலாஜாபாத்தில் உரக்கடை நடத்தி நல்ல பெயரோடு இருக்கும் மைத்துனர் அண்ணாதுரை அவர்களுக்கு, வல்லத்திலிருந்து பலராமன் எழுதிக்கொண்டது. இங்கு நான், பசு, மோட்டார் பம்பு மூவரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வல்லக்கோட்டை முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அக்கா லீலாவின் நலத்தை மட்டும் தனியாக விசாரிக்கிறேன், ஏனென்றால் அவள் எட்டு நாளாக இருக்கும் இடம் அவள் இருக்க வேண்டிய இடம் அல்ல.

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் குறித்து வைத்திருக்கிறேன். "அக்கா இங்கதான் கீது மாமா. கோட்டுக்காரன்தான் பொண்டாட்டிய கொன்னான்னு நீங்க ஒத்துக்கினா அடுத்த பஸ்ஸுக்கு வந்துடும்" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தது கேட்டது. போனில் சிரித்தால் பதில் சொல்ல முடியாது, காகிதத்தில் சிரிக்க முடியாது, ஆகவே கடிதம். நான் படித்தது ஐந்தாவது. மீதியை டீக்கடை பேப்பரில் நானே படித்துக்கொண்டேன். தொழிற்பேட்டைக்காரர்கள் ஏரிக்கால்வாயை மூடியபோது வக்கீல் வைக்காமல் பதினேழு மனு எழுதியவன் நான். பதினெட்டாவது மனு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு பக்கத்துக் கதைதான் வந்து சேர்ந்திருக்கும். நடந்தது இதுதான். என் மாடி அறையில் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள், நயினார், முப்பிடாதி, தளவாய். மூன்று பேரும் ஒரே கார் பாகக் கம்பெனியில் வேலை, ஆனால் ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் குளிக்கும்போது ஒருவன் தூங்குவான், இன்னொருவன் கம்பெனியில் இருப்பான். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இவர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பகல் பதினொரு மணிக்கு ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கி வைத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்காரன் என்ற முறையில் கேட்கப் போனேன். கேட்கத்தான் போனேன் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

உள்ளே கம்ப்யூட்டரில் மழை. கறுப்பு வெள்ளையில் ஒரு துறைமுகப் பட்டணம். நீளக் கோட்டு போட்ட ஒருத்தன், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, தெருவிளக்கின் கீழே நிற்கிறான். சினிமாவோ என்று பார்த்தால் முப்பிடாதி விரலை அசைத்தால் இவன் நடக்கிறான். "வீடியோ கேம்யா. கதை உள்ள கேம்" என்றான் முப்பிடாதி. கதை என்னவென்றால், இந்தக் கோட்டுக்காரன் போலீஸ். இவன் பெண்டாட்டியை யாரோ கொன்று துறைமுகத்தில் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று இவனுக்குத் துளிகூட ஞாபகம் இல்லை. இவனே துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டும். யாரும் இல்லாத அறையில் டெலிபோன் அடிக்கும். எடுத்தால் இவன் குரலே பேசும். கண்ணாடியில் பார்த்தால் இவன் முகம் ஒரு வினாடி கழித்துத்தான் திரும்பும். நான் வாசற்படியில் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு லீலா சாப்பிடக் கூப்பிட்டபோது, கோட்டுக்காரன் விசாரித்துக்கொண்டிருந்த லிப்ட் ஓட்டுகிறவனைக் காட்டி "இந்த லிப்ட்காரன் பொய் சொல்றான்டா, அவனை விடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஒரு நோட்டில் எழுதி வைப்பார்களாம், எந்த மெஷின் நின்றது, எந்த வேலை பாதியில் இருக்கிறது என்று. அடுத்து வருகிறவன் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவான். மூன்று பேரும் ஒரே ஆட்டத்தை மாற்றி மாற்றி ஆடுவதால் அதே மாதிரி இங்கேயும் ஒரு நோட்டு. "லிப்ட்காரன் பொய் சொல்லுதான், நம்பாத" என்று நயினார் எழுதினால் அதிலிருந்து தளவாய் தொடருவான். ஆனால் மச்சான், நோட்டில் எழுதாத விஷயம் எவ்வளவோ இருக்கிறது. எந்தச் சந்தில் திரும்பினால் சுவர், எந்தப் பாலத்தில் பலகை இல்லை, இதெல்லாம் யார் எழுதுகிறார்கள்? மூன்று ஷிப்டும் உட்கார்ந்து முழுக்கதையும் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். வழி சொல்வது என் பொறுப்பாயிற்று. இரண்டாவது வாரமே நோட்டு என் கைக்கு வந்தது. "சூப்பர்வைசர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கரண்ட் போனால் கதை நின்றுவிடுகிறதே என்று என் இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்கு ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தேன். கீழே சமையலறை பேன் நின்றது. இதை லீலா உங்களிடம் முதலில் சொல்லியிருப்பாள். ஒரு கொலை விசாரணை நடக்கும்போது பேனைப் பெரிதாகப் பேசுவது நியாயமா?

இப்போது நீங்கள் என்னைக் குற்றவாளியாக்கும் இடத்துக்கு வருகிறேன். தளவாய் ஆடியபோது, கோட்டுக்காரனின் சொந்த அலமாரியில் ரத்தக்கறை பட்ட கையுறை ஒன்று கிடைத்தது. தளவாய் அதை நோட்டில் எழுதினான். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஆமாம், கிழித்தேன். ஏனென்றால் ஒரு மனிதன் பசித்த நாய்க்குத் தன் ரொட்டியைப் போடுகிறான், மழையில் நனையும் கிழவிக்குத் தன் குடையைக் கொடுக்கிறான், அவன் பெண்டாட்டியைக் கொல்வானா? முகத்தைப் பார்த்தால் தெரியாதா? எவனோ கொண்டுவந்து வைத்த கையுறை அது. பையன்கள் சின்ன வயசு, தப்பான முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு நல்லெண்ணத்தில் செய்தேன். விஷயம் தெரியாத நயினார் லிப்ட்காரனை ஜெயிலில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தபோது விவகாரம் வெளியே வந்தது.

"நான் எழுதித்தாம்ல வச்சேன்" என்றான் தளவாய்.

"எங்கல எழுதின? நோட்டுல ஒண்ணுமே இல்லயே" என்றான் நயினார்.

"யய்யா, கம்பெனியில நோட்டக் கிழிச்சா சீட்டக் கிழிச்சிருவாவ" என்றான் முப்பிடாதி, என்னைப் பார்க்காமல்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "லிப்ட்காரன் வேறு ஏதாவது செய்திருப்பான்" என்றேன். அதோடு அது முடிந்தது.

முடிந்திருக்கும், உங்கள் அக்கா வடாம் காயவைக்க மாடிக்கு வராமல் இருந்திருந்தால். அந்த நேரம் பார்த்து ஆட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி கோட்டுக்காரனை உட்காரவைத்துக் கேட்கிறார், "கடைசியாகப் பார்த்த அன்று உன் மனைவி என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள்?" பதிலை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிவப்பு, நீலம், ஞாபகமில்லை என்று மூன்று இருந்தது. பையன்கள் தலையைச் சொறிந்தார்கள். லீலா வடாம் தட்டோடு வாசலில் நின்று பார்த்தாள். அரை நிமிஷம்கூட இருக்காது.

"இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் யோசன? அவன்தான் கொன்னுகீறான்."

"எப்படி அத்த சொல்லுதீய?" என்றான் நயினார்.

"கட்னவ இன்னா கட்டிகினு போனான்னு தெரியாதவன் வேற எவன்? அவனேதான்."

நாற்பது நாள் ராத்தூக்கம், பகல்தூக்கம் கெட்டு மூன்று பேர் துப்பறிகிறார்கள், நான் மேற்பார்வை பார்க்கிறேன், இவள் வடாம் தட்டோடு வந்து அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்கிறாள். எனக்குக் கோபம் வராதா? "முப்பத்தாறு வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன். நேத்து நீ இன்னா கட்டிகினு இருந்தேன்னு எனக்குந்தான் தெரியாது. அப்ப நான் கொலகாரனா?" என்று கேட்டேன். சட்டப்படி சரியான கேள்வி. கம்ப்யூட்டரில் மழை மட்டும் பெய்தது. தளவாய் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான், போர்வை குலுங்கியது. லீலா வடாத்தை ஒவ்வொன்றாக நிதானமாகக் காயவைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன், மச்சான். உங்கள் அக்கா திட்டாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு அடுத்து வந்ததுதான் ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டைக்கு அழைத்துப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தது உண்மை. காலையில் குளித்து வேட்டி கட்டித் தயாராக இருந்ததும் உண்மை. புறப்படும் முன் ஒரு பார்வை பார்க்கலாம் என்று மாடிக்குப் போனால், முப்பிடாதி துரத்தலில் இருக்கிறான். உண்மையான கொலைகாரன் என்று நான் சந்தேகப்படும் கிடங்குக் கணக்கன் முன்னால் ஓடுகிறான், கோட்டுக்காரன் கூரை கூரையாகத் தாவுகிறான். துரத்தலை நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் மறுபடி துறைமுகத்திலிருந்து ஓட வேண்டும். எந்தக் கூரையில் இடது, எந்தக் கூரையில் வலது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். லீலா படிவரை வந்து மூன்று தடவை கூப்பிட்டாள். "வர்றியா, இல்லியா?" என்பது மூன்றாவது. அஞ்சு நிமிஷம் என்றேன். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. பொறுப்பில் இருக்கிறவன் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது, நான் திரும்பவும் இல்லை. அப்படியும் முப்பிடாதி கடைசித் திருப்பத்தில் இடதுக்குப் பதில் வலதில் தாவி கோட்டுக்காரனைத் தண்ணீரில் போட்டுவிட்டான். அன்றைய நோட்டில் அவன் எழுதியிருப்பது: "9.40. ஆள் தண்ணிக்குள்ள. அத்தை வெளிய. பச்சைச் சேலை. திரும்புற நேரம் சொல்லல."

கோயிலுக்குப் போனவள் அங்கிருந்தே பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இங்கே எட்டு நாளாக நான் சமைக்கிறேன். நன்றாகத்தான் சமைக்கிறேன். பையன்களுக்குக் குழம்பு கொடுத்தேன், "அத்த எப்ப வருவாவ?" என்று கேட்டார்கள். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பசு அவள் கை இல்லாமல் பாலை அடக்கிக்கொள்கிறது. சமையலறை பேனை மறுபடி இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டேன், அதன் கீழே உட்கார யாரும் இல்லை. இதெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

என் முடிவு இதுதான். கோட்டுக்காரன் நிரபராதி. நாய் சாட்சி, குடை சாட்சி, அவன் முகம் சாட்சி. பொய்யாக ஒத்துக்கொண்டு என் பெண்டாட்டியை நான் வீட்டுக்கு வரவழைக்க மாட்டேன். அப்படி ஒத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் பதினேழு மனு எழுதியிருப்பேனா? இக்கடிதம் கண்டவுடன் இதை லீலாவுக்கு முழுவதும் படித்துக்காட்டி, தவறு அவளுடையது என்று எடுத்துச் சொல்லி, பஸ் ஏற்றி அனுப்பவும். ஜன்னலோர சீட்டாகப் பார்க்கவும், அவளுக்குப் பஸ்ஸில் தலை சுற்றும்.

உங்கள் கடையும் குடும்பமும் மேலும் மேலும் செழிக்க வேண்டும். வயதில் மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வாதமும், உங்கள் அக்காவைக் கட்டியவன் என்ற முறையில் வணக்கமும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும்,
பலராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டத்தை முடித்தார்கள். கொன்றது கோட்டுக்காரன்தான். கையுறை அவனுடையதேதான். அவளோடு பேசாமல் வேலை வேலை என்று இருந்தவன், அவள் விட்டுப் போகிறேன் என்று சொன்ன அன்று தள்ளிவிட்டிருக்கிறான். பிறகு எல்லாவற்றையும் மறந்துவிட்டான். கதை எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று நான் சொன்னேன். பையன்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். நோட்டில் கடைசி வரியாக நயினார் எழுதினான்: "கேஸ் முடிஞ்சது. அத்தை சொன்னது சரி." சூப்பர்வைசர் கையெழுத்து என்று இடம் விட்டிருந்தான். போட்டேன்.

ஆகவே மேலே முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை உள்ளதை லீலாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். தபாலில் போட்டால் வர மூன்று நாளாகும் என்பதால் நாளைக் காலை பஸ்ஸில் இதை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். அவளிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். கிருத்திகை அன்று அவள் கட்டியிருந்தது பச்சை அல்ல. மாம்பழ நிறம், கரை மட்டும்தான் பச்சை. முப்பிடாதி போல்ட்டைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவன். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இடதா வலதா என்று சொல்ல ஆளில்லாமல்தான் கோட்டுக்காரன் அன்றைக்குத் தண்ணீரில் விழுந்தான். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

நிறம் சரிதானா என்று அவளைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். தப்பென்று சொன்னாலும் திறங்கள், மச்சான். வெயிலில் நிற்கிறேன்.