மாமா குரலும் அதுல இருக்கு

அதனால நீ மொதல்ல உக்காந்துக்கோ கண்ணு. நின்னுக்கிட்டே படிக்காத. யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல, அதை முன்னாடியே சொல்லிடறேன், இல்லன்னா நீ பாதியில எந்திரிச்சு கிளம்பிடுவ. கம்ப்யூட்டருக்குத்தான் ஆகக்கூடாதது ஆயிடும் போல இருக்கு. இல்ல, இன்னும் ஆகல. ஆகாம நிக்குது. அது நிக்கிற நிப்பைப் பாத்துதான் இந்தக் கடுதாசி.

அன்புள்ள மருமகப் பிள்ளைக்கு, உன் அத்தை ஆசீர்வாதத்தோட எழுதிக்கிட்டது. நானும் உங்க மாமாவும் சாமி புண்ணியத்துல சௌக்கியம், அங்க நீ, உன் வீட்டுக்காரி, குழந்தை எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். இதைத்தான் மொதல்ல எழுதியிருக்கணும், பதட்டத்துல மாறிப்போச்சு. சாமி மன்னிச்சுக்கும், நீயும் மன்னிச்சுக்கோ. என்னடா அத்தை போன் இருக்கும்போது கடுதாசி எழுதறாளேன்னு நெனப்ப. வீட்ல இருக்கிறது ஒரே போன், அது உங்க மாமா சட்டைப் பையில. பேசுனா அவர் காதுல விழும். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் வாய் போனாலும் போச்சு, காது ரெண்டு மடங்கா ஆயிடுச்சு அவருக்கு. நான் அரிசி களையற சத்தத்தை வச்சே இன்னிக்கு தண்ணி அதிகம்னு கண்டுபிடிக்கிறாரு. அதனாலதான் எதிர்வீட்டு லாரிக்காரர் உங்க ஊருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போறாரேன்னு, சமையல் மேடை மேல பேப்பரை வச்சு நின்னுக்கிட்டே எழுதறேன். அவர் வண்டி கழுவிக்கிட்டு இருக்காரு. கழுவி முடிக்கிறதுக்குள்ள முடிக்கணும்.

விஷயம் இதுதான். நீ போன தடவை வந்தப்ப மாமாவுக்குன்னு ஒரு மூட்டை கட்டி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள எறக்கிட்டுப் போனியே, நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு, திரையில ஒரு கறுப்பு ஜன்னலைத் தெறந்து, ஒரே வரி அடிச்ச, எல்லாம் தானா வந்து உக்காந்துச்சு. கண்ணுக்குப் பெரிய எழுத்து, பொழுதுபோக சீட்டாட்டம், எல்லாத்துக்கும் மேல அந்தக் குரல். பழைய போன்ல மாமா எனக்குப் பேசி அனுப்புனதெல்லாம் பொறுக்கி எடுத்து, கோத்து, அவர் டைப் அடிச்சா அவர் குரல்லயே பேசற மாதிரி பண்ணிக் குடுத்த. கொஞ்சம் சளி பிடிச்ச மாதிரி இருந்தாலும் அவர் குரல்தான். மொத மொத அது என்னைக் கூப்பிட்டப்ப நான் கரண்டியைக் கீழ போட்டுட்டு சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னுட்டேன். ஆயுசு பூரா பஸ்ல கண்டக்டரா கத்துன மனுஷன், ஆபரேஷனுக்கு அப்புறம் என்னை விசில் ஊதித்தான் கூப்பிடுவாரு, ஒரு விசில்னா தண்ணி, ரெண்டு விசில்னா சாப்பாடு, வீடே டிப்போ மாதிரி இருந்துச்சு. நீ குடுத்த குரல் வந்த அன்னிக்குத்தான் அந்த விசிலைக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டுனேன். இன்னும் அங்கதான் தொங்குது.

நல்லாத்தான் போச்சு. வர்றவங்களைப் பாத்து அந்தக் குரல் உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குன்னு சொல்லும். பால்காரர் ஒருநாள் பயந்து பாத்திரத்தோட கூடத்துக்கே வந்துட்டாரு. ஆனா நாள் ஆக ஆக மனுஷன் பேசறதைக் கொறச்சுட்டாரு. காரணம் அந்தச் சீட்டாட்டம். காலையில பல்லு விளக்குனதும் உக்காந்தா, சிவப்பு மேல கறுப்பு, கறுப்பு மேல சிவப்புன்னு அடுக்கிக்கிட்டே இருக்காரு. நான் ஒண்ணு கேட்டா தலைய மட்டும் ஆட்டுவாரு. சாமி படம் மாட்டியிருக்கிற கூடத்துல சீட்டாடலாமா, அடுக்குமான்னு கேட்டேன். அதுக்கும் தலையாட்டுனாரு. அதனாலதான் எடுக்கணும்னு முடிவு பண்ணேன்னு வச்சுக்கோயேன். சாமிக்காகன்னு சொன்னா பாதிதான் நெசம். மீதியை உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. வீட்ல ஒரு பேச்சுக் குரல் கேக்கல கண்ணு. குரலைக் குடுத்துட்டுப் போன, அதுல பேச விடாம ஒரு ஆட்டத்தையும் சேத்துக் குடுத்துட்டுப் போயிட்ட.

இன்னிக்கு அவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து உக்காந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு நீ நெனக்காத, எழுத்தெல்லாம் தெரியும், சேத்துப் படிக்கத்தான் நேரம் ஆகும். பக்திப் பாட்டு பொஸ்தகத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கறதுக்கு நீ போன்லயே சொல்லிக் குடுத்தியே, கறுப்பு ஜன்னலைத் தெற அத்தை, மொதல்ல சூடோன்னு அடி, அது பெரியவங்ககிட்ட அனுமதி கேக்கற மாதிரின்னு. அப்பவே சொன்ன, இன்ஸ்டால்னு போட்டா வரும், அந்த எடத்துல ரிமூவ்னு போட்டா போயிடும்னு. நீ அதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. கையைத் தொடச்சு, சாமியைக் கும்பிட்டு, அனுமதி கேட்டு, ரிமூவ் போட்டு, சீட்டாட்டத்து பேரைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிக்க அடிக்க ஒண்ணுமே தெரியல, கீபோர்டு செத்துப்போச்சோன்னு மறுபடி மறுபடி அடிச்சேன், தப்பு தப்புன்னு திட்டுச்சு. அப்புறந்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, அது கண்ணுக்குத் தெரியாம உள்ள போகும்னு. வேண்டிக்கிட்டு அடிச்சேன். ஏத்துக்கிச்சு. சீட்டாட்டமும், நீ கட்டுன மூட்டையோட பேரும், இது ரெண்டையும் எடுக்கப்போறேன் சரியான்னு கேட்டுச்சு. மூட்டை எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சாமான் எறக்குன அப்புறம் வெறும் சாக்கு எதுக்குன்னு சரி சொல்லிட்டேன். போயிடுச்சு. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதோட எந்திரிச்சிருந்தா இந்தக் கடுதாசிக்கே வேலையில்ல. கீழ இன்னொண்ணு எழுதிக் காட்டுச்சு. இதெல்லாம் அந்த மூட்டையோட தானா வந்தது, மூட்டையே இல்லன்னதும் இனிமே யாருக்கும் தேவையில்ல, எடுக்கணும்னா இந்த வார்த்தையை அடின்னு அதுவே வார்த்தையையும் குடுத்துச்சு. என்னைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. தேவையில்லாத சாமான் ஒரு டப்பா மூடியா இருந்தாலும் வீட்ல வச்சுக்க மாட்டேன். சீட்டாட்டத்தோட வந்த கூட்டாளிங்கதானேன்னு நெனச்சு, அந்த வார்த்தையை அப்படியே பாத்து அடிச்சேன். அடிச்சதும் வந்துச்சு பாரு பேருங்க, கல்யாண பந்தியில எலை போட்ட மாதிரி வரிசையா. எல்லாத்தையும் எடுத்தா இவ்வளவு எடம் காலியாகும்னு வீட்டு புரோக்கர் மாதிரி ஆசை வேற காட்டுது. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரா எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கடைசி வரிக்கு முன்னாடி வரியில எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணு. மாமா பேசறதுக்கு டைப் அடிப்பாரே, அந்தப் பெட்டி தலையில இருக்கிற அதே எழுத்து. மேல பாத்தேன், கீழ பாத்தேன், ஒரு எழுத்து மாறல.

உங்க மாமாவோட குரல் யாருக்கும் தேவையில்லாத சாமான்னு அந்தக் கறுப்பு ஜன்னல் சொல்லுது கண்ணு.

நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டேன். கடைசியில அது கேள்வி கேட்டுக்கிட்டு நிக்குது, இங்கிலீஷ் எழுத்து ஒய்யா, என்னான்னு. ஆமான்னா ஒய்யாம், இல்லன்னா என்னாம், அது எனக்குத் தெரியும். ஆனா ஒய்யை மட்டும் பெரிய எழுத்துல போட்டிருக்கான், என்னைச் சின்ன எழுத்துல போட்டிருக்கான். ஆமாஞ்சாமி போடறவனுக்குத்தான் அங்கயும் மரியாதை போல இருக்கு. சின்ன எழுத்தை அமுக்கி, அவன் அதை மதிக்காமப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன். சும்மா என்ட்டர் தட்டுனாலே ஆமான்னு எடுத்துக்கும்னு வேற நீ ஒரு தடவை சொல்லியிருக்க. சுவிட்சை அணைச்சுடலாமான்னு கை போச்சு. கறுப்பு ஜன்னல் வேலை பாக்கும்போது அணைச்சா எல்லாமே கெட்டுடும்னு நீ என்கிட்ட கத்துனது ஞாபகம் வந்துச்சு, கையை எடுத்துட்டேன். அதுக்குள்ள குளியலறைக் கதவு தெறக்கற சத்தம். மேல மூலையில சின்னக் கோடு இருக்குமே, அதை அமுக்கி அந்த ஜன்னலைக் கீழ எறக்கி மறைச்சுட்டு வந்துட்டேன். அது அங்க கீழ கேட்டுக்கிட்டேதான் நிக்குது. கரண்ட் போகக் கூடாது சாமின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன்.

அவர் வந்து உக்காந்து தேடுனாரு. சீட்டைக் காணோம்னு குரல் சொல்லுச்சு. வைரஸ் வந்து தின்னுட்டுப் போயிருக்கும்னு சொன்னேன். சாமி படத்தைப் பாக்காமதான் சொன்னேன். என்ன வைரஸ், சீட்டை மட்டும் தின்னுட்டு உன் பக்திப் பாட்டை விட்டுட்டுப் போச்சான்னு குரல் கேட்டுச்சு. நெசத்தைச் சொல்றேன், எனக்கு வந்த பயத்துலயும் ஒரு சிரிப்பு வந்துச்சு. அவர் அப்படி முழுசா ஒரு பேச்சுப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா. அதுக்கப்புறம் ஆட்டம் இல்லாததுனால சும்மா இருக்க முடியாம பேசிக்கிட்டே இருக்காரு. எதிர்வீட்டு லாரி சக்கரத்துல காத்து கம்மின்னாரு. கொழம்பு அடிப்பிடிக்குதுன்னாரு. உன் குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்குமான்னு கேட்டாரு. நான் ஆசைப்பட்டதெல்லாம் நடக்குது, அதை நிம்மதியாக் கேக்க முடியல. ஒவ்வொரு வார்த்தைக்கும் இதுதான் கடைசியோ, இதுதான் கடைசியோன்னுதான் தோணுது.

நீ மறுபடி போட்டுக் குடுத்துடுவேன்னு சொல்லுவ. எதுலேர்ந்து போடுவ. அந்தப் பழைய போனை நான்தான் தொடைக்கிறேன்னு எடுத்து தண்ணித் தொட்டியில விட்டேன், அதுல இருந்த பேச்செல்லாம் அதோட போச்சு. இப்ப அவர் குரல் உலகத்துலயே அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்கு. உன்கிட்ட ஒரு காப்பி இருக்கா இல்லையா, அதை மட்டும் மொதல்ல சொல்லு. இருக்குன்னு சொன்னா உன் புள்ளைகுட்டிங்க நூறு வருஷம் நல்லா இருக்கும். இல்லன்னா அதையும் மெதுவா சொல்லு.

இரு, அவர் ஏதோ கேக்கறாரு. சரிங்க, உங்க இஷ்டம், செய்யுங்கன்னு சொல்லிட்டேன். என்ன கேட்டாரோ, யாருக்குத் தெரியும், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் கேக்கறதுக்கு நான் பாதி நேரம் காதுல வாங்காமத்தான் சரி சொல்றேன். நல்ல புருஷன் பொண்டாட்டின்னு ஊரே சொல்லுது. எழுதிக்கிட்டு வந்தது எங்க விட்டேன். ஆங்.

உன் பதில் வர்ற வரைக்கும் அந்தக் கறுப்பு ஜன்னலை நானும் தொட மாட்டேன், அவரையும் தொட விட மாட்டேன். கீழ இருக்கறது அவருக்குத் தெரியவும் தெரியாது. நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தச் சின்ன எழுத்தை அமுக்கலாமா, அமுக்குனா அது மதிக்குமா, அதுக்கப்புறம் என்ன அடிச்சா குரல் தேவையான சாமான்னு அந்த ஜன்னலுக்குப் புரியும், இது மூணையும் பெரிய எழுத்துல எழுதி லாரிக்காரர்கிட்டயே குடுத்தனுப்பு. போன் பண்ணாத. பண்ணாலும் என்ன விசேஷம் மாமான்னு மட்டும் கேளு, அவர் பேசட்டும், நானும் கொஞ்சம் கேட்டுக்கறேன்.

உங்க அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. உன் தங்கச்சி வேலையிலேர்ந்து வர்றதுக்கு லேட்டாகுதுன்னு அவர் கவலைப்படறதாக் கேள்விப்பட்டேன், அண்ணனை நல்லா சாப்பிடச் சொல்லு. உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். சாமி எல்லாரையும் காப்பாத்தும், அந்தக் கம்ப்யூட்டரையும் சேத்து.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: கவர்ல போட்டு ஒட்டப் போனவ மறுபடி பிரிச்சு எழுதறேன். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறாரு. கூடத்துல விசில் சத்தம் கேக்குது. மொதல்ல வெளிய எங்கயோன்னு நெனச்சேன். ஒரு விசில், அப்புறம் ஒண்ணு. கதவுக்குப் பின்னாடி ஆணியைப் பாத்தேன், ஆணி மட்டுந்தான் இருக்கு. குரல் இருக்கும்போது எதுக்கு இவர் விசிலை எடுத்தாருன்னு நின்னு யோசிக்கும்போதுதான் கண்ணு, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அவர் கேட்டாருன்னு எழுதுனேனே, அது என்னன்னு இப்ப ஞாபகம் வருது. கீழ ஒரு கறுப்பு ஜன்னல் ஏதோ கேள்வி கேட்டுக்கிட்டு பாவம் ரொம்ப நேரமா நிக்குது, ஆமான்னு சொல்லி ரைட் குடுத்துடட்டுமான்னு கேட்டாரு.